அத்தியாயம் 6: ரத்து செய்யும் நேரம்

எதிராளியின் அட்டையை ரத்து செய்யும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தோற்பவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய டெக்கில் குறை இருக்காது, அட்டையிலும் குறை இருக்காது. அதை எடுத்துப் போட்ட நேரம் தப்பியிருக்கும். எந்த அட்டைகளைத் தேர்வது என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். தேர்ந்த அட்டை எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பது இந்த அத்தியாயத்தின் பொருள். ஜொகூரில் ஆடப்படும் கற்பனை உலக அட்டை ஆட்டங்களில் மேஜிக் தி கேதரிங்கையும் யு-கி-ஓவையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ரத்து என்பது ஒரு சிறு இடைவெளிக்குள் மட்டும் உயிரோடிருக்கும் உரிமை. அந்த இடைவெளி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லி ஆடினால்தான் ஆட்டம் நியாயமாக நடக்கும். இந்தக் கறார் பரிசுப் போட்டிக்கு மட்டும் உரியது, நண்பர்களோடு ஆடும்போது தேவையில்லை என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

ஜொகூரில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஜொகூர் பாருவிலோ ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு மேசையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்தால் தமிழ், மலாய், மாண்டரின், ஆங்கிலம் எல்லாம் கலந்து ஒலிக்கும். யு-கி-ஓவில் மலேசியா ஜப்பானோடு சேர்ந்து ஓசிஜி விதிகளின் கீழ் வருவதால், ஜப்பானிய மொழியில் அச்சான அட்டைகள் இங்கே சகஜம். எதிரே இருப்பவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாமல் இருக்கலாம். போட்டவருக்கே தெரியாமல், அட்டையின் வேலையை மனப்பாடமாக வைத்திருக்கவும் கூடும். காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய் ஆடுகிறவர்களும், அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் இருப்பதால், முன்பின் தெரியாதவரோடு ஆட உட்காருவதும் வழக்கமான காரியம். இருவருக்கும் பொதுவான பழக்கம் இல்லாத இடத்தில் கண் ஜாடையும் தலையசைப்பும் போதாது. விதிப்புத்தகம் சொல்லும் வரிசையை இருவரும் அறிந்து, அதை உரக்கச் சொன்னால்தான் இன்னார் இன்ன நேரத்தில் இன்னது செய்தார் என்பதில் சந்தேகம் எழாது.

வேகமும் முறையும்

இந்த வரிசை ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட மேஜிக்கின் முதல் பதிப்பிலேயே கவுண்டர்ஸ்பெல் என்ற அட்டை இருந்தது. இரண்டு நீல மானா கொடுத்தால், எதிராளி போட்ட மந்திரத்தை அது ரத்து செய்துவிடும். அன்று அது இன்டரப்ட் என்ற தனி வகையைச் சேர்ந்தது. சாதாரண இன்ஸ்டன்ட் அட்டைகளைவிட வேகமானது என்று கணக்கு. ஓர் இன்டரப்டுக்கு இன்னோர் இன்டரப்டால்தான் பதில் சொல்ல முடியும். எது எதைவிட வேகம், எது எந்தக் கட்டத்தில் செல்லும் என்பதை ஆட்டக்காரர் மனத்தில் சுமந்துகொண்டே ஆட வேண்டியிருந்தது. 1999இல் வந்த ஆறாம் பதிப்பின் விதிகள் இன்டரப்ட் என்ற வகையையே நீக்கின. கவுண்டர்ஸ்பெல்லும் மற்றவற்றைப் போல ஓர் இன்ஸ்டன்ட் ஆனது. எல்லா மந்திரமும் ஏறி நிற்க ஸ்டேக் என்ற ஓர் அடுக்கு வந்தது. கடைசியில் ஏறியது முதலில் நிறைவேறும். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த அடிப்படை மாறவில்லை. அட்டைக்கு அட்டை வேகம் வகுத்துப் பார்த்துத் தெளியாத குழப்பம், ஆட்டக்காரருக்கு ஆட்டக்காரர் முறை வகுத்ததும் தெளிந்தது. என் வாதத்துக்கு இதுவே முதல் சான்று.

அந்த முறை எப்படி இயங்குகிறது என்பதை ஒரு மோதலில் பார்ப்போம். சிவப்பு டெக் வைத்திருப்பவர் தம் டர்னில் ஒரு மானா கொடுத்து லைட்னிங் போல்ட் போடுகிறார்; அது 3 சேதம் செய்யும், எதிரே நீல டெக் வைத்திருப்பவரின் உயிர்ப்புள்ளியும் 3தான். போல்ட் உடனே தாக்குவதில்லை, ஸ்டேக்கில் ஏறி நிற்கிறது. இப்போது யார் பேச வேண்டும் என்ற முறைக்கு பிரையாரிட்டி என்று பெயர். விதிப்புத்தகத்தின் 117ஆம் பிரிவு அதைப் பற்றியது. போட்டவருக்கு அது முதலில் கிடைக்கும். அவர் விட்டதும் நீலக்காரருக்கு வரும். அவர் கவுண்டர்ஸ்பெல்லை போல்டின் மேல் வைக்கிறார். சிவப்புக்காரர் நீல மந்திரத்தை ரத்து செய்யும் பைரோபிளாஸ்டை அதன்மேல் வைக்கிறார். இருவரும் விட்டுவிட்டால் பைரோபிளாஸ்ட் நிறைவேறி, கவுண்டர்ஸ்பெல் கல்லறைக்குப் போகிறது. ஆட்டம் முடிந்தது என்று நீலக்காரர் பலர் இங்கேதான் கையை மடக்கிவிடுகிறார்கள். ஆனால் போல்ட் இன்னும் ஸ்டேக்கில்தான் நிற்கிறது. மேஜிக்கில் ஒவ்வொன்று நிறைவேறிய பின்னும் முறை மறுபடி சுற்றி வரும்: டர்னுக்கு உரியவருக்கு முதலில், பிறகு மற்றவருக்கு. நீலக்காரரிடம் இன்னொரு கவுண்டர்ஸ்பெல்லும் இரண்டு நீல மானாவும் மிஞ்சியிருந்தால் போல்டை மீண்டும் குறிவைக்கலாம். இருவரும் அடுத்தடுத்து ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகுதான் போல்ட் விழும். இரண்டாவது ‘வேண்டாம்’ வாயிலிருந்து வந்த நொடியில் இடைவெளி மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு கையில் எத்தனை கவுண்டர்ஸ்பெல் இருந்தும் பயனில்லை.

இதே பழக்கத்தோடு யு-கி-ஓ மேசையில் உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். கொனாமி 1999இல் ஜப்பானில் தொடங்கிய இந்த அட்டை ஆட்டத்தில் ஸ்டேக்குக்குப் பதில் செயின் உண்டு. அதிலும் கடைசிக் கண்ணிதான் முதலில் நிறைவேறும். ஆனால் செயின் நிறைவேறத் தொடங்கிவிட்டால் நடுவில் எதையும் சொருக முடியாது. கடைசிக் கண்ணியிலிருந்து முதல் கண்ணிவரை ஒரே மூச்சில் ஓடி முடியும். உங்கள் முதல் ரத்தை எதிராளி மூன்றாம் கண்ணியால் முறித்தால், உங்கள் இரண்டாவது ரத்து அந்த மூன்றாம் கண்ணியை நோக்கி அப்போதே போயாக வேண்டும். முதல் கண்ணிக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஏவப்பட்டதை ரத்து செய்யும் அட்டைகள் பெரும்பாலும் அந்த ஏவலுக்கு அடுத்த கண்ணியாகவே நிற்க வேண்டும். மேஜிக்கில் பொறுத்திருந்து எதிராளியின் மானா தீர்வதைப் பார்ப்பது நல்ல உத்தி. யு-கி-ஓவில் அப்படிப் பொறுப்பது வாய்ப்பைத் தொலைப்பதாகும். இரண்டு ஆட்டங்களையும் மாறி மாறி ஆடுகிறவர்கள் மனத்தில் முதலில் பதிய வைக்க வேண்டிய வேறுபாடு இது.

மேஜிக் 1999இல் கைவிட்ட வேகக் கணக்கை யு-கி-ஓ இன்றும் வைத்திருக்கிறதே, அங்கே குழப்பம் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். சாதாரண ஸ்பெல் அட்டைக்கு வேகம் 1. குவிக்-பிளே ஸ்பெல்லுக்கும் பெரும்பாலான டிராப் அட்டைகளுக்கும் 2. கவுண்டர் டிராப்புக்கு 3. வேகம் 1 உள்ளதை எதற்கும் பதிலாகச் செயினில் சேர்க்க முடியாது. கவுண்டர் டிராப்புக்குக் கவுண்டர் டிராப்பால் மட்டுமே பதில் சொல்லலாம். இது சிக்கலின்றி ஓடுவதற்குக் காரணம், வேகம் மூன்றே படிகளில் அடங்குவதும், அட்டையின் வகையைப் பார்த்தே அதைச் சொல்லிவிட முடிவதும்தான். அப்போதும் வேகம் சொல்வது யாருக்குத் தகுதி உண்டு என்பதை மட்டுமே. எப்போது பேசலாம் என்பதை இங்கும் முறைதான் தீர்மானிக்கிறது: ஒருவர் ஒன்றை ஏவியதும் எதிராளிக்கு வாய்ப்பு, பிறகு ஏவியவருக்கு, இருவரும் விடும்வரை மாறி மாறி.

எதை ரத்து செய்கிறீர்கள்?

நேரத்தை அறிந்தவரும் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. அட்டையை அழிப்பதும் அதன் விளைவை ரத்து செய்வதும் வேறு வேறு. எதிராளி மான்ஸ்டர் ரீபார்ன் போட்டு, கல்லறையில் கிடக்கும் பெரிய அசுரன் ஒன்றைக் குறிவைக்கிறார். நீங்கள் மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூன் ஏவி, மேசையில் இருக்கும் அந்த மான்ஸ்டர் ரீபார்னையே அழிக்கிறீர்கள். செயின் திரும்பி ஓடுகிறது, அட்டை அழிந்துவிட்டது, ஆனாலும் அசுரன் எழுந்து வருகிறது. மாமாக் கடையில் ஆர்டர் எடுத்தவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாலும், கல்லில் விழுந்த ரொட்டி சானாய் மேசைக்கு வந்தே தீரும், இதுவும் அப்படித்தான். தொடர்ந்து மேசையில் இருந்தால்தான் வேலை செய்யும் கன்டினியூயஸ், ஈக்விப், ஃபீல்ட் வகை அட்டைகள் மட்டும் விலக்கு. நிறைவேறும் வேளையில் அவை மேசையில் இல்லையென்றால் விளைவும் இல்லை. மேஜிக்கிலும் இதே அடிப்படை உண்டு: ஒரு விலங்கின் திறன் ஸ்டேக்கில் ஏறிவிட்டால், அந்த விலங்கைக் கொன்றாலும் திறன் நிற்காது. அதை நிறுத்த வேண்டுமானால் ஸ்டைஃபிள் போன்று திறனையே ரத்து செய்யும் அட்டை வேண்டும்.

மான்ஸ்டர் ரீபார்னை உண்மையிலேயே நிறுத்த சாலம் ஜட்ஜ்மென்ட் போதும். அது கவுண்டர் டிராப். முந்தைய டர்னிலேயே கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். ஏவ உங்கள் உயிர்ப்புள்ளியில் பாதியைக் கொடுக்க வேண்டும். 8000 இருந்தால் 4000 போய்விடும். அது ஸ்பெல், டிராப் அட்டையின் ஏவலை ரத்து செய்து அந்த அட்டையையும் அழிக்கும். அசுரனை வரவழைப்பதையும் தடுக்கும். வரவழைப்பைத் தடுப்பதற்கு உள்ள இடைவெளி மிகக் குறுகியது. அசுரனை மேசையில் வைத்ததற்கும் வரவழைப்பு வெற்றி என்று இருவரும் ஏற்றதற்கும் நடுவே மட்டும்தான் அது இருக்கிறது. ‘சரி, அடுத்து?’ என்று நீங்கள் கேட்டுவிட்டால் அசுரன் வந்தாயிற்று. மேஜிக்கிலும் விலங்கு ஸ்டேக்கில் நிற்கும்போதே ரத்து செய்ய வேண்டும். களத்தில் கால் வைத்த பின் கவுண்டர்ஸ்பெல் அதைத் தொடாது.

ஏவலை ரத்து செய்வதும் விளைவை ரத்து செய்வதும் ஒன்றல்ல என்பதற்கு 2017இல் வந்த ஆஷ் பிளாசம் நல்ல உதாரணம். டெக்கிலிருந்து அட்டையைக் கைக்கு எடுப்பது, டெக்கிலிருந்து அசுரனை இறக்குவது, டெக்கிலிருந்து கல்லறைக்கு அனுப்புவது ஆகியவற்றை எதிராளி ஏவினால், இதைக் கையிலிருந்தே வீசி எறிந்து அந்த விளைவை ரத்து செய்யலாம். ஏவல் நடந்தது நடந்ததுதான். பலன் மட்டும் இல்லாமல் போகிறது. ஒரு டர்னில் ஒரு முறை மட்டுமே ஏவலாம் என்று எழுதியுள்ள அட்டையில் இதனால் பெரிய வித்தியாசம் விழும். விளைவு மட்டும் ரத்தானால் எதிராளியின் அந்த ஒரு முறை தீர்ந்துவிட்டது. ஏவலே ரத்தானால் அதே பெயருள்ள இன்னோர் அட்டையை அதே டர்னில் அவர் ஏவலாம். ஏவுவதற்குப் பதில் ‘பயன்படுத்தலாம்’ என்று எழுதியிருந்தால் எப்படி ரத்தானாலும் அந்த முறை கழிந்ததுதான். கையில் இருவகை ரத்தும் இருக்கும்போது எதை முதலில் செலவழிப்பது என்பதை இந்த ஒரு விவரம் தீர்மானிக்கும்.

ரத்துக்கு எட்டாதவை

எட்டாத இடங்களையும் தெரிந்து வைத்தால் வீண் செலவு குறையும். விலையாகக் கொடுத்ததை யாரும் தடுக்க முடியாது. எதிராளி தம் விலங்கைப் பலியிட்டு ஒரு திறனை ஏவினால், ‘பலியிடும் முன் அதைக் கொல்கிறேன்’ என்று சொல்ல உங்களுக்கு இடமில்லை. முறை உங்களிடம் வரும்போது விலங்கு கல்லறையில் கிடக்கும். ரத்தானாலும் கொடுத்த விலை திரும்பி வராது. மானாவும் போயிற்று, உயிர்ப்புள்ளியும் போயிற்று. மேஜிக்கில் நிலம் இறக்குவதும் மானா எடுப்பதும் ஸ்டேக்கைத் தொடாதவை. 2006இல் டைம் ஸ்பைரல் தொகுப்பில் அறிமுகமான ஸ்ப்ளிட் செகண்ட் உள்ள அட்டை ஸ்டேக்கில் நிற்கும்வரை யாரும் மந்திரம் போட முடியாது. மானா எடுப்பது தவிர வேறு திறனை ஏவவும் முடியாது. 2015இல் வந்த உலாமோக், தி சீஸ்லெஸ் ஹங்கர் வேறு விதம். அதைப் போட்டவுடனேயே களத்தில் உள்ள இரண்டை அகற்றும் திறன் தனியாகக் கிளம்பிவிடும். உலாமோக்கைக் கவுண்டர்ஸ்பெல்லால் தடுத்தாலும் அந்த இரண்டும் போய்விடும். ஆகவே, ரத்து செய்யும் அட்டையில் கை வைக்குமுன் மூன்று கேள்விகளை மனத்துக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது முறை யாருடையது? நான் நிறுத்த வேண்டியது அட்டையா, ஏவலா, விளைவா, வரவழைப்பா? இதை இப்போது விட்டால் இன்னொரு வாய்ப்பு வருமா?

மேசையில் பேசும் விதம்

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாலும், மேசையில் பேச்சு தெளிவில்லை என்றால் பயனில்லை. ஒன்றைப் போடுபவர் பெயரைச் சொல்லி, எதைக் குறிவைக்கிறார் என்பதைச் சொல்லி, விலையைக் கொடுத்துவிட்டு, ‘ரெஸ்பான்ஸ் உண்டா?’ என்று கேட்டு நிறுத்த வேண்டும். எதிரே இருப்பவர் ‘இல்லை’ என்றோ, தாம் போடும் அட்டையின் பெயரையோ சொல்ல வேண்டும். முனகலையும் மௌனத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேஜிக்கின் போட்டி விதிகளில் ஒரு வசதி உண்டு: ஒன்றை ஸ்டேக்கில் வைத்தவர் வெளிப்படையாகச் சொன்னாலன்றி, முறையை எதிராளிக்கு விட்டுவிட்டார் என்றே கருதப்படும். எனவே அதன்மேல் இன்னொன்றையும் நீங்களே வைக்க நினைத்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்டவர் கேட்காமலேயே அவசரமாக அட்டையை எடுத்து விளைவை நடத்திவிட்டால், உங்கள் இடைவெளி இன்னும் மூடவில்லை. உடனே நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உடனே என்பது முக்கியம். இரண்டு அட்டை கடந்த பிறகு சொல்வதை ஏற்க எந்த நடுவருக்கும் சிரமமாக இருக்கும்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம், நேரம் போதாது என்பது. மேஜிக் போட்டியில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் கொடுப்பது வழக்கம். ஒவ்வோர் அட்டைக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆட்டம் முடியுமா? கேட்பதற்கு இரண்டு விநாடி போதும். நேரத்தைத் தின்பது, கேட்காமல் கடந்துபோய், பிறகு ‘நான் அப்போதே தடுத்திருப்பேன்’ என்று தொடங்கும் வாக்குவாதம். களத்தைப் பின்னோக்கி நகர்த்தி, எடுத்த அட்டையைத் திருப்பி வைத்து, நடுவரைக் கூப்பிட்டு முடிக்க ஆகும் நேரத்தில் முழு டர்ன் ஒன்றை ஆடிவிடலாம்.

இரண்டாவது ஆட்சேபம் கூர்மையானது. கேட்டு நிறுத்தும்போது எதிராளி யோசித்தால், அவர் கையில் ரத்து இருப்பது தெரிந்துவிடும்; நிறுத்துவதே தகவலைக் கசியவிடுகிறது. இது உண்மை. இதற்கு மருந்து, கையில் ரத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் பதில் சொல்லப் பழகுவதுதான். எப்போதும் ஒரு மூச்சு விட்டு ‘இல்லை’ என்பவரின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. ரத்து இருக்கும்போது மட்டும் யோசிப்பவர் எந்த விதி இருந்தாலும் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

மூன்றாவதாக, கணினியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது இதைக் கற்பானேன் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 2019இல் முழுமையாக வெளிவந்த மேஜிக் அரீனாவும் 2022இல் வந்த யு-கி-ஓ மாஸ்டர் டுவலும் இடைவெளி திறக்கும்போது தாமே நின்று கேட்கின்றன. செல்லாத அட்டையை எடுக்க விடுவதில்லை. பயிற்சிக்கு அவை அருமையானவை. ஆனால் கேள்வியை எப்போதும் இயந்திரமே கேட்டுப் பழகியவர், காகித அட்டையோடு உட்காரும்போது கேள்வி வரும் என்று காத்திருந்து வாய்ப்பை விடுகிறார். அங்கே கற்றதை மேசைக்குக் கொண்டுவர ஒரே வழி, இயந்திரம் ஏன் இந்த இடத்தில் நின்றது, ஏன் அந்த இடத்தில் நிற்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் தன்னைக் கேட்டுக்கொள்வது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் நாலாவது: இவ்வளவு கறார் புதிதாக வருகிறவர்களை விரட்டிவிடும், விதி தெரிந்தவர் தெரியாதவரை ஏய்க்க வழி செய்யும். இந்தக் கவலை மதிக்க வேண்டியது. விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘பரவாயில்லை, எடுத்துக்கொள்’ என்று ஒருவருக்கு விட்டதை அடுத்தவருக்கு விட மறுத்தால் மனக்கசப்பு; குரல் உயர்த்தத் தெரிந்தவர் பெறுவார், கூச்சப்படுபவர் இழப்பார். பேசத் தயங்கும் பள்ளிப் பிள்ளைக்குப் பாதுகாப்பு விதிதான்; அதன் முறை வந்ததும் எல்லோரும் காத்திருந்தே ஆக வேண்டும். இரக்கத்துக்கும் விதிக்குள்ளேயே இடம் இருக்கிறது. மேஜிக் போட்டி விதிகளின்படி, ஒரு முடிவெடுத்தவர் அதன்பின் புதிதாக எந்தத் தகவலும் பெறாதிருந்தால், அதை மாற்றிக்கொள்ள நடுவர் அனுமதிக்கலாம். நண்பர்கள் மேசையிலும் இந்த அளவுகோலையே வையுங்கள். போட்ட அட்டையை எதிராளி பதில் சொல்லும் முன் திரும்ப எடுக்கலாம். எதிராளியின் கையைப் பார்த்த பிறகு எடுக்கக் கூடாது. புதியவருக்கு உதவ வேண்டுமா? முறை அவரிடம் வரும்போது ‘இப்போது நீ தடுக்கலாம், யோசி’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நேரம் கடந்தபின் விட்டுக்கொடுப்பதைவிட அது நூறு மடங்கு கற்றுத்தரும்.

இதெல்லாம் வெளியூர்ப் பெரிய மேடைகளுக்கு, நமக்கு எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு. மலேசியாவின் டெர்ரி சோ 2005இல் மேஜிக் இன்விடேஷனல் பட்டத்தை வென்றார். அதன் பரிசாக அவர் முகம் 2006இல் வந்த ராக்டோஸ் ஆகர்மேஜ் அட்டையில் வரையப்பட்டது. 2008 பிப்ரவரியில் கோலாலம்பூரிலேயே புரோ டூர் நடந்தது. உலக மேடை நம் ஆட்டக்காரருக்கு எட்டியிருக்கிறது, நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. அங்கே புதிதாகக் கற்க நேரம் கிடைக்காது. வாரக் கடைசியில் சொந்த ஊர் மேசையில் பழகியதுதான் கைகொடுக்கும்.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கு ஒரு பயிற்சி. ஆளுக்குப் பத்து அட்டை எடுத்து, அவற்றில் நான்கு ரத்து அட்டைகளாக வைத்துக்கொண்டு, இருவரும் கையைத் திறந்து காட்டி ஆடுங்கள். ஒவ்வொன்றைப் போடும்போதும் போட்டவர் கேட்க வேண்டும்; எதிராளி பதில் சொல்ல வேண்டும்; இடைவெளி மூடியதும் இருவரும் சேர்ந்து ‘மூடியது’ என்று சொல்ல வேண்டும். முதலில் மேஜிக் முறையில், நிறைவேறிய ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிறுத்தி ஆடுங்கள். அடுத்து யு-கி-ஓ முறையில், செயினைக் கட்டி முடித்து ஒரே ஓட்டமாக நிறைவேற்றுங்கள். எந்த இடத்தில் தடுத்திருந்தால் ஆட்டம் திரும்பியிருக்கும் என்பதை ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். அந்த இடத்தை இருவரும் ஒரே மாதிரி காட்டத் தொடங்கிவிட்டால், கையை மூடிக்கொண்டு ஆடத் தயாராகிவிட்டீர்கள்.